மாதிரி எடுத்த அன்றைக்கு கிரஷர் ஓடியதா?

மிஷினம்மா பதில்கள்

போன இதழில் ஒரு வாசகி, ஜன்னலில் படியும் வெள்ளைத் தூசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தார். பக்கத்தில் கல்குவாரி இருந்தால் அங்கிருந்துதான் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. "இரண்டு வரி போதாது" என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். எனவே இந்த மாதம் முழுக்கக் குவாரிதான்.

புதிய வாசகர்களுக்காக: காற்று மாதிரி எடுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் குவாரி குவாரியாக அலைந்தவள் நான். 'மிஷினம்மா' என்பது கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்.

*மேடம், எங்கள் வீட்டிலிருந்து குவாரி அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். ஆனால் அறிக்கையில் 'பி.எம்.10 அளவு 62, வரம்புக்குள் உள்ளது' என்று போட்டிருக்கிறார்கள். பொய்யா?*
— ஒரு வாசகி

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் மேசையும் உண்மை, 62-ம் உண்மையாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு தூசி.

பி.எம்.10 என்றால் 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் மேசையில் கண்ணுக்குத் தெரிந்து, விரலில் நெருடும் தூசி பெரும்பாலும் அதைவிடப் பெரியது. மாதிரி எடுக்கும் இயந்திரம் அந்தப் பெரிய துகளை வாசலிலேயே பிரித்துத் தள்ளிவிடும். அதற்காகவே வடிவமைத்தது அது.

கல்தூசி விழும் வேகத்தைப் பாருங்கள். 100 மைக்ரான் துகள் விநாடிக்கு அரை மீட்டர் கீழே இறங்கும். பத்து மீட்டர் உயரத்தில் கிளம்பி, விநாடிக்கு 3 மீட்டர் காற்று அடித்தால், 60 மீட்டருக்குள் தரையில். 30 மைக்ரான் துகள் ஏறக்குறைய 400 மீட்டர் போகும். உங்கள் மேசைக்கு வருவது இந்த ரகம். 10 மைக்ரான் துகள் விநாடிக்கு 8 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. தரைக்கு வர இருபது நிமிடம் ஆகும், அதற்குள் மூன்றரை கிலோமீட்டர் தாண்டிவிடும். காற்றின் சுழற்சியை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது. அதாவது மேசையில் படிவது தொந்தரவு, படியாமல் மிதப்பது மூச்சில் போவது. படிவதை அளக்கத் தனி முறை இருக்கிறது: திறந்த வாய் உள்ள ஜாடியை ஒரு மாதம் வெளியில் வைத்து, விழுந்ததை எடை போடுவது. ஜெர்மனியில் இதற்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.35 கிராம் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் இந்த அளவு இல்லை என்றால், உங்கள் மேசையைப் பற்றி அந்த அறிக்கை ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

சரி, அந்த 62-க்கு வருவோம். அது எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? எட்டுக்குப் பத்து அங்குல கண்ணாடி இழைத் தாள் ஒன்றை ஈரமில்லாத பெட்டியில் ஒரு நாள் வைத்து எடை போடுவோம். இயந்திரத்தில் மாட்டி 24 மணி நேரம் ஓட்டுவோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.1 கன மீட்டர் காற்று அதன் வழியாகப் போகும். நாள் முழுக்க 1,600 கன மீட்டருக்குப் பக்கத்தில். திரும்ப எடை போட்டால் கூடியிருப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதை அத்தனை கன மீட்டருக்கும் பங்கிட்டால், கன மீட்டருக்கு 62 மைக்ரோகிராம். அவ்வளவுதான் அந்த 62. தாளைக் கழற்றும்போது விரல் பட்டு ஓரத்தில் ஒரு சிட்டிகை உதிர்ந்தால் ஒரு கிராமமே சுத்தமாகிவிடும். என் முதல் வருடத்தில் அப்படி ஒரு கிராமத்தை நான் 'சுத்தம்' செய்திருக்கிறேன். மறுபடி எடுக்க வைத்தார் என் மேலதிகாரி, நல்லவேளை.

எண்ணைவிட அது எடுக்கப்பட்ட நாள் முக்கியம். ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தித் தாளைக் கழற்றினேன், பால் மாதிரி வெள்ளை. எத்தனையோ குவாரியில் சாம்பல் நிறத் தாளைக் கழற்றிய கைக்கு அது சந்தேகமாக இருந்தது. முதல்நாள் நோட்டைப் புரட்டினேன். நானே எழுதியிருக்கிறேன்: 'மதியம் இரண்டு மணி. குயில் சத்தம் கேட்கிறது.' கிரஷர் ஓடும் இடத்தில் குயில் சத்தம் எங்கே கேட்கும்? காவலாளியிடம் கேட்டேன். "நேத்து பெல்ட் அறுந்துபோச்சு மிஷினம்மா, நாள் பூரா நிறுத்தம்" என்றார். பெல்ட் உண்மையிலேயே அறுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாளைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே, உங்கள் அறிக்கையில் 62-ஐத் தேடாதீர்கள். அந்தத் தேதியில் எத்தனை டன் கல் உடைந்தது, எத்தனை லோடு போனது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, மழை உண்டா என்று தேடுங்கள். இயந்திரம் குவாரிக்குக் காற்று போகும் பக்கம் இருந்ததா, காற்று வரும் பக்கம் இருந்ததா? சுவர் ஓரத்திலோ மரத்தடியிலோ வைத்தார்களா? குறுக்கே நிற்கும் பொருள் இயந்திரத்தின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொது விதி.

அப்புறம், வரம்பைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பி.எம்.10-க்கு 24 மணி நேர அளவாக 45, ஆண்டு சராசரியாக 15 என்று பரிந்துரைத்தது. பல நாடுகளின் சட்ட வரம்பு இதைவிடத் தளர்வானது. 'வரம்புக்குள்' என்ற சொல்லைப் படிக்கும்போது யாருடைய வரம்பு என்று ஒரு கேள்வி மனதில் இருக்கட்டும்.

*இன்னும் திறக்காத குவாரிக்கு 'காற்றில் 3 மைக்ரோகிராம்தான் கூடும்' என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறார்கள். நடக்காததை எப்படி அளக்கிறார்கள்? ஜோசியமா?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ஜோசியத்தைவிடக் கொஞ்சம் மேல், ஐயா. இரண்டு படி. முதலில், எந்த வேலை எவ்வளவு தூசி கிளப்பும் என்று பட்டியல் போடுவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 'ஏபி-42' என்ற பெயரில் இதற்கான எண்களையும் சூத்திரங்களையும் தொகுத்து வைத்திருக்கிறது. உலகம் முழுக்க அதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறோம். இரண்டாவது, அந்தத் தூசி காற்றில் எப்படிப் பரவி எங்கே எவ்வளவு சேரும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது. அந்த முகமை 2005-ல் 'ஏர்மாட்' என்ற மாடலைத் தன் விருப்ப மாடலாக அறிவித்தது. வரும் விடையை, ஏற்கெனவே அங்கே இருக்கும் அளவோடு கூட்டினால் முடிந்தது.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கற்பனைக் குவாரி ஒன்று. ஒரு நாளைக்கு 1,500 டன் கல். டிப்பர் ஒன்றுக்கு 30 டன், ஐம்பது லோடு. குவாரியிலிருந்து தார்ச்சாலை வரை ஒரு கிலோமீட்டர் மண் ரோடு. எதற்கும் தண்ணீர் தெளிக்கவில்லை.

கிரஷர் பக்கம்: உடைக்கும் இயந்திரம் டன்னுக்கு 1.2 கிராம் பி.எம்.10, இரண்டு கட்டமாக உடைத்தால் 3.6 கிலோ. சல்லடை டன்னுக்கு 4.3 கிராம், ஆறரை கிலோ. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கல் விழும் ஒவ்வோர் இடத்திலும் டன்னுக்கு 0.55 கிராம், ஆறு இடம் என்றால் ஐந்து கிலோ. மொத்தம் 15 கிலோ.

மண் ரோடு பக்கம்: ரோட்டு மண்ணில் நுண்பொடி 8 சதவீதம், லாரியின் சராசரி எடை 30 டன் (காலியாகப் போகையில் 15, ஏற்றி வருகையில் 45). சூத்திரத்தில் போட்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 860 கிராம். போக ஒன்று, வர ஒன்று, ஐம்பது லோடு, நூறு கிலோமீட்டர். 86 கிலோ.

பார்த்தீர்களா? எல்லோரும் கிரஷரை நோக்கிக் கை நீட்டுகிறோம். அதைப்போல ஐந்தாறு மடங்கு ரோட்டிலிருந்து வருகிறது. எம்-சாண்ட் தயாரித்தால் கிரஷர் கணக்கு ஏறும். பொடிக் கல்லைச் சலிக்கும்போது டன்னுக்கு 36 கிராம், சாதாரண ஜல்லிச் சல்லடையைப்போல எட்டு மடங்கு. அப்போதும் பெரும்பாலான இடங்களில் ரோடுதான் முன்னால் நிற்கும்.

இனி, அந்த '3 மைக்ரோகிராம்' எங்கே சுருங்குகிறது என்று பார்க்கலாம். காலியாகத் திரும்பும் லாரியைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். ரோட்டின் நுண்பொடியை அளக்காமல் ஏதோ ஒரு அறிக்கையிலிருந்து எடுத்துப் போடுவார்கள். தண்ணீர் தெளிப்பதால் 90 சதவீதம் குறையும் என்று ஒரே வரியில் கழித்துவிடுவார்கள். எத்தனை தண்ணீர் லாரி, எத்தனை நடை, அந்தத் தண்ணீர் எங்கிருந்து என்று எழுத மாட்டார்கள். பக்கத்தில் ஏற்கெனவே மூன்று குவாரி இருந்தாலும் தன் குவாரியை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை என்னிடம் சரிபார்க்க வந்த அறிக்கையில் காற்றுத் தரவு சமவெளியில் எங்கோ இருந்த விமான நிலையத்திலிருந்து எடுத்தது. குவாரியோ மலைச்சரிவில். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி நேராகக் கீழே இருக்கும் குடியிருப்புக்குப் போகும் இடம் அது. கணினி அழகாக வண்ணப்படம் வரைந்திருந்தது, தூசியெல்லாம் எதிர்ப்பக்கக் காட்டுக்குள். மூன்று நாள் அங்கே ஒரு கம்பத்தில் ரிப்பன் கட்டிவிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

*தினமும் மதியம் வெடி வைக்கிறார்கள். வானம் வரை புகை எழும்புகிறது. மாசுக்கு முக்கியக் காரணம் அதுதானே?*
— பள்ளி மாணவி

பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் சில நிமிடக் கதை. நாள் முழுக்க ஓடும் லாரியோடு ஒப்பிட்டால் மொத்தக் கணக்கில் சிறியது. அதற்காக அலட்சியமும் கூடாது. புகை ஆரஞ்சு நிறத்தில் வந்தால் கிட்டப் போகாதே, வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. அம்மோனியம் நைட்ரேட்டையும் டீசலையும் 94-க்கு 6 என்ற விகிதத்தில் கலந்து குழியில் இறக்குவார்கள். குழியில் தண்ணீர் நின்றாலோ கலவை பிசகினாலோ வெடிப்பு முழுமையாக நடக்காமல் அந்த நிறம் வரும். உன் நோட்டில் தேதி, நேரம், நிறம் எழுதி வை.

அதிகாலையில் வெடி வைக்கக் கூடாது, தெரியுமா? அந்த நேரத்தில் குவாரிப் பள்ளத்துக்குள் குளிர்காற்று தேங்கி நிற்கும், தூசி மேலே போக வழியிருக்காது. வெயில் ஏறித் தரை சூடான பிறகு, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத நேரமாகப் பார்த்து வைப்பதுதான் முறை.

*நான் ஒரு கிரஷரில் மேலாளர். எல்லோரும் எங்களையே திட்டுகிறீர்கள். தண்ணீர் தெளித்தால் சல்லடை அடைத்துக்கொள்கிறது, பொடி களியாகிறது. தெளிக்காவிட்டால் புகார். தண்ணீரும் தட்டுப்பாடு. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?*
— பெயர் வேண்டாம்

உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இதை எழுத ஒரு மேலாளர் மெனக்கெட்டாரே.

முதலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்போம். பெரும்பாலான கிரஷர்களில் நான் பார்த்தது தோட்டத்துக் குழாய். சொட்டு பெரிதாக இருந்தால் தூசி சிக்காது. பெரிய சொட்டு விழும்போது அதைச் சுற்றிக் காற்று வளைந்து ஓடும், நுண்துகளும் அந்தக் காற்றோடு வளைந்து போய்விடும். சொட்டு ஏறக்குறைய துகள் அளவுக்கே சிறியதாக, மூடுபனி மாதிரி இருந்தால்தான் இரண்டும் மோதி ஒட்டும். எனவே மிதக்கும் தூசிக்கு மூடுபனி நாசில். கல்லையே நனைக்க வேண்டிய இடத்தில், அதாவது கல் முதல் கிரஷருக்குள் விழும் முன்பு, சற்றுப் பெரிய சொட்டு. கிளம்பிய தூசியைத் துரத்துவதைவிடக் கிளம்பாமல் நனைப்பது மலிவு.

காய்ந்த கல்லுக்கு 1.5 சதவீத ஈரம் போதும். ஒரு டன்னுக்கு 15 லிட்டர். ஏபி-42-ல் தண்ணீர் தெளித்த கிரஷர்களில் அளந்தபோது ஈரம் 0.55 முதல் 2.88 சதவீதத்துக்குள்தான் இருந்தது. அந்த ஈரத்துக்கே சல்லடைத் தூசி டன்னுக்கு 4.3 கிராமிலிருந்து 0.37-க்கு இறங்கியது. உங்கள் சல்லடை அடைத்துக்கொள்கிறது என்றால் அளவுக்கு மீறி ஊற்றுகிறீர்கள், அல்லது ஒரே இடத்தில் ஊற்றுகிறீர்கள். பொடிச் சல்லடைக்குத் தண்ணீரை விட்டுவிடுங்கள். அதை மூடி, உறிஞ்சும் குழாய் வைத்து, பை வடிகட்டிக்குக் கொண்டுபோங்கள். செலவு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த வடிகட்டியில் சேரும் பொடி நீங்கள் காசு கொடுத்து உடைத்த கல்.

பெல்ட்டுகளை மூடுங்கள். கல் விழும் உயரத்தைக் குறையுங்கள். குவியல் மேல் ஆறு மீட்டரிலிருந்து கொட்டுவதற்குப் பதில், பெல்ட் நுனியைக் குவியலோடு சேர்த்து ஏற்றி இறக்கும்படி வைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை.

இப்போது ரோடு. இங்கேதான் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. மண் ரோட்டின் ஈரத்தை இரண்டு மடங்காக்கினால் தூசி 75 சதவீதம் குறையும். ஐந்து மடங்காக்கினால் 95 சதவீதம். முதல் மடங்கில்தான் பலன் அதிகம், அதற்கு மேல் கொட்டும் தண்ணீரெல்லாம் சேறு. அதனால் காலையில் ஒருமுறை வெள்ளமாக விடுவதைவிட, கொஞ்சமாக அடிக்கடி. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் உங்கள் ஆட்கள் ரோட்டை நனைத்து வைப்பது எனக்குத் தெரியும். நான் குனிந்து செருப்பு நுனியால் கிளறிப் பார்ப்பேன். மேலே அரை அங்குலம் கறுப்பாக ஈரம். அதன் கீழே, டப்பாவிலிருந்து கொட்டிய முகப்பவுடர் மாதிரி, உள்ளங்கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். தினமும் தெளிக்கிற ரோட்டில் அப்படி இருக்காது, கெட்டிப்பட்டுப்போயிருக்கும்.

தண்ணீர் இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. அந்தப் பவுடரை வழித்தெடுத்துவிட்டு உங்கள் குவாரியின் கழுவிய ஜல்லியையே ரோட்டில் பரப்பி உருளை விடுங்கள். நுண்பொடி 8 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கினால் தூசி ஏறக்குறைய பாதியாகும். கல் விற்கிறவர் ரோட்டில் கல் இல்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கை. சின்ன லாரி நான்கு நடை போவதைவிடப் பெரிய லாரி இரண்டு நடை போனால் டன்னுக்குக் கிளம்பும் தூசி மூன்றில் ஒரு பங்கு குறையும். வேகத்தைக் குறைக்க அறிவிப்புப் பலகை உதவாது, நடைக்குக் காசு என்று ஓட்டுநருக்குக் கொடுத்தால் அவர் பறக்கத்தான் செய்வார். சம்பள முறையை மாற்றுங்கள். மெக்னீசியம் குளோரைடு தெளித்தால் காற்றிலிருந்து ஈரம் இழுத்து ரோட்டைப் பிடித்து வைக்கும், தண்ணீர் நடை குறையும். ஆனால் உப்பு உப்புதான். கிணறோ வயலோ பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

வாசலில் சக்கரம் கழுவும் தொட்டி, சுமை மேல் தார்ப்பாய். இரண்டையும் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

*சுற்றிலும் மரம் நட்டால் தூசி நின்றுவிடும் என்கிறார்களே?*
— ஒரு வாசகர்

நிற்காது, குறையும். அதுவும் பெரிய துகள். கரடுமுரடான, சொரசொரப்பான இலை, தரையிலிருந்தே கிளை விடும் புதர், பின்னால் உயர மரம் என்று மூன்று நான்கு வரிசை வேண்டும். காற்று பாதி புகுந்து பாதி தடுபட வேண்டும். கெட்டிச் சுவராக இருந்தால் காற்று ஏறிக் குதித்து அந்தப் பக்கம் சுழலும். குவாரி திறக்கும் அன்று நட்ட கன்று, குவாரி மூடும் சமயத்தில்தான் வேலைக்கு வரும். நடுவதாக இருந்தால் முதல் லாரி வருவதற்கு முன்பே நட வேண்டும்.

*கையடக்கக் காற்று மீட்டர் வாங்கியிருக்கிறேன் அக்கா. குவாரி ஓடும்போதும் பச்சை விளக்குதான் எரிகிறது. பனி நாளில், குவாரி மூடியிருக்கும்போது சிவப்பு காட்டுகிறது. கெட்டுப்போச்சா?*
— கல்லூரி மாணவர்

கெடவில்லை தம்பி, அதன் சுபாவமே அது. உள்ளே ஒரு லேசர், ஒரு சிறு விசிறி. துகள் மேல் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அளவைக் கணிக்கும். புகை மாதிரி நுண்ணிய துகளுக்கு ஓரளவு சரி. கல்தூசி பெரும்பாலும் பருமனானது. அந்த விசிறியின் இழுப்புக்கு அது ஒழுங்காக உள்ளே வராது, வந்தாலும் சென்சார் கண்ணுக்குச் சரியாகப் படாது. திரையில் 'பி.எம்.10' என்று காட்டுவது பல மீட்டர்களில் சிறிய துகளை வைத்து ஊகித்த எண். பனியில் துகள் தண்ணீர் குடித்து ஊதிப்போவதால் சிவப்பு.

அதைத் தூக்கி எறிய வேண்டாம், எண்ணாக நம்பாமல் ஏற்ற இறக்கம் பார்க்கப் பயன்படுத்து. கூடவே இன்னொன்று செய். ஒரே மாதிரி நாலு வெள்ளைத் தட்டு, நாலு திசையில், மழை படாத திறந்த இடத்தில். ஒவ்வொன்றிலும் பாதியை ஒட்டும் டேப்பால் மூடி வை. ஒரு வாரம் கழித்து டேப்பை உரித்தால் சுத்தமான பாதிக்கும் தூசி படிந்த பாதிக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நாலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடு. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று விவாதமே வராது.

*அப்பா பதினைந்து வருடமாக குவாரியில் குழி போடும் மிஷின் ஓட்டுகிறார். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வார். இப்போது மாடி ஏறினால் மூச்சு இளைக்கிறது. புகையிலைகூடத் தொட்டதில்லை.*
— ஒரு மகள்

இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன் அம்மா, பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் வந்தாலும். அப்பாவை நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இந்த வாரமே. போனதும் முதலில் சொல்ல வேண்டியது மூச்சிளைப்பு இல்லை, வேலை. "பதினைந்து வருடமாகக் கல்லில் குழி போடுகிறார்" என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் கேளுங்கள். காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லில் இருக்கும் சிலிக்காவின் தூசி நுரையீரலில் தழும்பு போட்டுவிட்டால் காசநோய் எளிதில் பிடிக்கும். அந்தத் தழும்பு திரும்ப ஆறாது; ஆனால் தூசியிலிருந்து வெளியே வந்தால் மேலும் கெடுவதன் வேகத்தை மட்டுப்படுத்தலாம்.

எந்தக் கல் என்பது முக்கியம். கருங்கல்லில் குவார்ட்ஸ், அதாவது அந்தச் சிலிக்கா, ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேலும் இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் மிகக் குறைவு. புதிதாக உடைந்த துகள் பழைய தூசியைவிடக் கொடியது, குழி போடுகிறவர் அதன் வாயிலேயே நிற்கிறார். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே இந்தச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் வேலையிடத்து வரம்பை எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று ஆக்கினார்கள். அந்த அளவுக்குத் தூசி கண்ணுக்கே தெரியாது. அதே நாட்டில், மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில் 1930-ல் தொடங்கிய வேலையில் தண்ணீர் விடாமல் குழி போட்டார்கள், வேகமாக முடிக்க. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் சிலிக்கா தூசியால் செத்தார்கள்.

ஈரத்துணி பெரிய துகளைத்தான் நிறுத்தும். நுரையீரலின் அடிவரை போவது 4 மைக்ரானுக்கும் கீழே. என்95 தரத்து முகக்கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் படிந்தால்தான் பலன். தாடி இருந்தால் ஓரம் விடும். அதுவும் கடைசித் தற்காப்புதான். துளையிடும் தண்டின் வழியாகவே தண்ணீர் போகிற மிஷின் இருக்கிறது, குழியின் வாயைச் சுற்றிப் பாவாடை கட்டித் தூசியை உறிஞ்சும் மிஷினும் இருக்கிறது. அப்பாவின் மிஷினில் தண்ணீர்க் குழாய் இருந்து, யாரோ அதைக் கழற்றி வைத்திருக்கலாம். நான் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போன சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள், நனைத்துத் துவையுங்கள்.

எக்ஸ்ரே எடுத்ததும் மறுபடி எழுதுங்கள். பத்திரிகையில் போட மாட்டேன்.

*அடுத்த மாதம் எங்கள் பகுதியில் புதிய குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். பேச ஐந்து நிமிடம் தருவார்கள். என்ன கேட்பது?*
— ஒரு வாசகர்

ஐந்து நிமிடத்தில் நான்கு கேள்வி கேட்கலாம், திட்டுவதற்கு நேரம் வீணாக்காவிட்டால். மாதிரி எடுத்த நாட்களில் பக்கத்துக் குவாரிகள் ஓடினவா, லோடு ரசீது காட்ட முடியுமா? கணக்கில் போட்ட காற்று எங்கே அளந்தது? மண் ரோட்டுத் தூசி எத்தனை கிலோ, அதில் தண்ணீரால் எத்தனை கழித்தீர்கள், அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர்? பக்கத்துக் குவாரிகளையும் சேர்த்துக் கூட்டினால் எவ்வளவு?

எழுத்தில் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்கிறவர் "அது நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றால், அந்த நிபுணரின் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.